அந்தூசாவின் காற்று

ஐராபெத்ரா, கிரீட்
மார்ச் 4

அன்புள்ள தங்கை அந்தூசாவுக்கு,

அக்கா பெலாகியா எழுதுவது. இங்கே நாங்கள் இருக்கிறோம். அங்கே அந்தக் குளிரில் நீயும் உன் வீட்டுக்காரர் ஸ்தாத்திஸும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

போன் செய்திருக்கலாம். செய்தால் என்ன ஆகும் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மூன்றாவது வார்த்தையில் நான் கத்துவேன், நான்காவதில் நீ வைத்துவிடுவாய். அப்பாவின் நாற்பதாம் நாள் பூசையன்று நாம் பேசிய பேச்சே இன்னும் நாலு வருடத்துக்குத் தாங்கும். அதனால்தான் பேனாவை எடுத்தேன். எழுத்தில் கத்த முடியாது.

விஷயம் இதுதான். மொட்டைமாடியில் இருந்த வெந்நீர்த் தொட்டி செத்துப்போய்விட்டது. அப்பா காலத்துத் தொட்டி, அடி முழுக்கத் துரு. பிளம்பர் சிஃபிஸ் வந்து பார்த்துவிட்டு, "அக்கா, இதுக்கு மருந்து கிடையாது, அடக்கம்தான் பண்ணணும்" என்றான். இப்போது அரசாங்கத்தில் சோலார் ஹீட்டருக்கு மானியம் கொடுக்கிறார்கள். பழையதைக் கழற்றிப் பழைய இரும்புக்குக் கொடுத்த சான்று காட்டினால், புதியதன் விலையில் பாதிக்கு மேல் அவர்களே ஏற்றுக்கொள்கிறார்கள்.

ஆனால் விண்ணப்பத்தில், மாடிக்கு உரிமையாளர் வேறு ஆள் என்றால் அவருடைய சம்மதம் வேண்டும் என்று இருக்கிறது. அப்பா உயிலில் எழுதியது உனக்கு மறந்திருக்காது. கீழ்வீடு பெலாகியாவுக்கு, அதற்கு மேலே மாடிவீடு கட்டிக்கொள்ளும் காற்று அந்தூசாவுக்கு. அந்தக் காற்றில் ஒரு தொட்டி வைக்க எனக்கு உன் கையெழுத்து வேண்டும். ஸ்டுட்கார்ட்டில் நம் துணைத் தூதரகத்துக்குப் போய் அவர்கள் முன்னால் போட்டு, முத்திரை வாங்கி அனுப்பு. ஜூலை பாதியோடு விண்ணப்பம் முடிகிறது.

ஸ்தாத்திஸைக் கேட்டதாகச் சொல்.

உன் அக்கா,
பெலாகியா


ஸ்டுட்கார்ட்
ஏப்ரல் 2

அக்காவுக்கு,

நலம். உன் கடிதம் வந்து பல நாள் ஆகிறது, தாமதத்துக்கு மன்னிக்கவும். வேலை அதிகம். ஸ்தாத்திஸுக்கும்தான்.

நாலு வருடமாக என் பிறந்தநாளுக்கு ஒரு வரி இல்லை. தொட்டி ஓட்டையானதும் தங்கை நினைவு வந்துவிட்டது. சந்தோஷம்.

அப்பாவின் நாற்பதாம் நாளன்று, மாடியில் நிற்கும் கம்பிகளை வெட்ட வேண்டும் என்று நீ நின்றாய். மழையில் துருத் தண்ணீர் ஒழுகி உன் கூரையைக் கறையாக்குகிறது என்றாய். முடியாது, அது எனக்காக அப்பா விட்ட கம்பி, என் வீட்டுத் தூண் அதன்மேல்தான் எழும்பும் என்றேன். அதற்கு ஊர் முன்னால், பூசைக் கோதுமையைக் கையில் வைத்துக்கொண்டு, நீ என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? "உன் காத்தை மூட்டை கட்டித் தூக்கிட்டு ஜெர்மனிக்குப் போடி." நான் மறக்கவில்லை.

தொட்டியை எங்கே வைக்கப் போகிறாய்? கம்பிகளை என்ன செய்யப் போகிறாய்? அதை முதலில் எழுது. அதோடு, இத்தனை அவசரம் எதற்கு? நவம்பர் வரை கடலில் குளிப்பவள் நீ. வெந்நீர் கேட்டால் "பெரிய எஜமானி" என்று என்னைக் கேலி செய்தவள்.

அத்தான் எப்படி இருக்கிறார்? தக்காளி எப்படி?

அந்தூசா


ஐராபெத்ரா
ஏப்ரல் 11

அன்புள்ள அந்தூசாவுக்கு,

உன் கடிதம் கண்டு மகிழ்ச்சி. திட்டித்தான் எழுதியிருந்தாய், ஆனாலும் மகிழ்ச்சி. உன் கையெழுத்து இன்னும் அப்படியே சாய்ந்து கிடக்கிறது.

மறைக்க ஒன்றுமில்லை, சொல்லிவிடுகிறேன். மாடியில் வடக்குப் பக்கம் வைக்க முடியாது. படிக்கட்டு அறையின் நிழல் அங்கே பாதி நாள் விழுகிறது. தெற்குப் பக்கம்தான் வெயில். அங்கேதான் உன் கம்பிகள். தொட்டியை கான்கிரீட்டில் போல்ட் போட்டு இறுக்கினால்தான் மானியத்துக்கு ஒத்துக்கொள்வார்களாம். அதனால் தெற்கு வரிசைக் கம்பிகளை வெட்டத்தான் வேண்டும் என்கிறான் சிஃபிஸ். மற்ற மூலைகளில் உள்ளவை இருக்கும்.

படிக்கட்டு அறையின் தலைமேல் வைக்கலாமே என்று நீ கேட்பாய். நானும் கேட்டேன். அந்தக் கூரை விரிசல் விட்டிருக்கிறதாம். அதற்குத் தனியாக இரும்பில் உயரமான சட்டம் கட்ட வேண்டும், அதற்கு மானியத்தில் இடமில்லை.

அவசரம் எதற்கு என்று கேட்டிருந்தாய். எனக்கும் வயதாகிறது, முதுகு ஒத்துழைப்பதில்லை. அவ்வளவுதான். கடலுக்குப் போய் ரொம்ப நாளாயிற்று.

அத்தான் வீட்டில்தான் இருக்கிறார். இந்த வருடம் தக்காளி போடவில்லை. பசுமைக்கூடத்தின் பிளாஸ்டிக்கைப் பிரித்துவிட்டோம். இரும்புச் சட்டங்கள் மட்டும் நிற்கின்றன.

ஈஸ்டருக்குக் கலித்சூனியா செய்தேன். உனக்குப் பிடிக்குமே என்று பாலாடைக்கட்டி கொஞ்சம் அதிகம் வைத்துவிட்டேன். அப்புறம்தான் நீ இல்லை என்று உறைத்தது. ஸ்தாத்திஸுக்கும் உனக்கும் பண்டிகை வாழ்த்து.

அன்புடன்,
பெலாகியா


ஐராபெத்ரா
மே 16

அந்தூசா,

ஒரு மாதமாகப் பதில் இல்லை. கோபம் என்றால் கோபம் என்றாவது எழுது. கையெழுத்து ஒரு பக்கம் கிடக்கட்டும். உடம்பு நன்றாக இருக்கிறதா என்று மட்டும் ஒரு வரி போடு. கனவில் நீ அழுக்குத் துணி மூட்டையோடு வாசலில் நின்றாய். எழுந்ததிலிருந்து மனசு சரியில்லை.

பெலாகியா


ஸ்டுட்கார்ட்
மே 27

அக்காவுக்கு,

நலமாகத்தான் இருக்கிறேன். பயப்படாதே.

நிறைய யோசித்தேன். கம்பிகளை வெட்ட என்னால் கையெழுத்துப் போட முடியாது. ஏன் என்று கேட்காதே. பிடிவாதம் என்று வைத்துக்கொள். அப்பாவின் பிடிவாதம் உனக்கு மட்டுமா வந்திருக்கும்? கீழே ஒரு மின்சார ஹீட்டர் வாங்கிக்கொள், நானே பணம் அனுப்புகிறேன்.

கோபித்துக்கொள்ளாதே. அத்தானுக்கு என் அன்பைச் சொல்.

அந்தூசா


ஐராபெத்ரா
ஜூன் 5

அந்தூசாவுக்கு,

பணம் வேண்டாம். நான் உன்னிடம் கேட்டது பணம் இல்லை. மின்சார ஹீட்டர் வைத்தால் மாதா மாதம் வரும் பில்லை யார் கட்டுவது, நீயா? உன் காற்று உன்னிடமே இருக்கட்டும். பத்திரமாகப் பார்த்துக்கொள், ஜன்னலைத் திறந்தால் போய்விடப் போகிறது.

உறையின் பின்னால் விலாசம் மாறியிருக்கிறதே? வீடு மாறினாயா? ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெரிய வீடாக இருக்கும். நன்றாக இரு.

பெலாகியா


ஐராபெத்ரா
ஜூன் 9

அந்தூசாவுக்கு சிஃபிஸ் எழுதுவது.

நலமா? என்னை மறந்திருக்க மாட்டாய். பள்ளிக்கூடத்தில் உன் பின்பெஞ்சு. உன் சடையில் நான் ஒட்டிய சூயிங்கத்துக்காக உன் அக்கா என்னைத் தெருவெல்லாம் துரத்தி அடித்தாள். இன்றைக்கும் அவளைப் பார்த்தால் எனக்குக் காது வலிக்கும். இந்தக் கடிதம் எழுதியது தெரிந்தால் மறுபடி அடிப்பாள். கிழித்துப் போட்டுவிடு.

உன் விலாசத்தை அவள் மேஜையிலிருந்த உறையைப் பார்த்து எழுதிக்கொண்டேன். திருட்டுத்தான். என்ன செய்ய?

உன் அத்தான் மனூசோஸுக்குப் போன நவம்பரில் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு ஒன்றிரண்டு வார்த்தைதான். ஊருக்கே தெரியும், உனக்கு மட்டும் சொல்லக் கூடாது என்று உத்தரவு. "அவ அங்கே புருஷனோட சந்தோஷமா இருக்கா, அவளை எதுக்குடா இழுக்கணும்? பரிதாபப்பட்டுப் போடற கையெழுத்து எனக்கு வேண்டாம்" என்றாள்.

தினமும் இரண்டு வேளை அவரைக் குளிப்பாட்டுகிறாள். படுக்கைப் புண் வராமல் இருக்க வெந்நீர் வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அடுப்பில் அண்டா அண்டாவாகக் காய்ச்சித் தூக்குகிறாள். போன வாரம் அண்டா சரிந்து மணிக்கட்டில் ஊற்றிக்கொண்டாள். கட்டுப் போட்டிருக்கிறது. கேட்டால், "மீன் பொரிச்சேன், எண்ணெய் தெறிச்சுது" என்கிறாள். அவ்வளவு பெரிய கட்டுக்கு எந்த மீனைப் பொரித்தாளோ, திமிங்கலமாக இருக்கும்.

நான் உன்னைக் கட்டாயப்படுத்தவில்லை. காற்று உன்னுடையது. ஆனால் தெரியாமல் வேண்டாம் என்று சொல்வது வேறு, தெரிந்து சொல்வது வேறு.

வணக்கத்துடன்,
சிஃபிஸ்


ஸ்டுட்கார்ட்
ஜூன் 20

என் அன்பு அக்காவுக்கு,

இத்துடன் கையெழுத்துப் போட்ட சம்மதத்தை வைத்திருக்கிறேன். தூதரகத்தில் முத்திரை வாங்கியாயிற்று. தெற்குக் கம்பிகளை வெட்டிக்கொள். எல்லாவற்றையுமே வெட்டிக்கொண்டாலும் சரி.

யார் சொன்னது என்று கேட்காதே. அவனை அடிக்கவும் செய்யாதே.

அக்கா, அத்தான் எப்படி இருக்கிறார் என்று கேட்டேனே! "வீட்டில்தான் இருக்கிறார்" என்று எழுதினாயே. படித்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இப்போது அந்த வரியை எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். பொய்யும் சொல்லவில்லை, உண்மையும் சொல்லவில்லை. ஆனால் உன்னை நான் எந்த முகத்தோடு திட்டுவது? நானும் அதைத்தான் செய்தேன்.

ஸ்தாத்திஸ் என்னோடு இல்லை. இரண்டு வருடம் ஆகிறது. சண்டை போட்டுப் பிரியவில்லை. ஒருநாள் அவருக்கு வேறொரு வாழ்க்கை கிடைத்துவிட்டது, அவ்வளவுதான். வீடு அவர் பெயரில் இருந்தது. பழைய விலாசத்துக்கு நீ போட்ட கடிதங்கள் அவரிடம் போய்த்தான் எனக்கு வந்தன. நீ கேட்ட பெரிய வீடு ஒற்றை அறை. குளியலறை தாழ்வாரத்தின் கடைசியில், நாலு பேருக்குப் பொது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. உன் கனவில் அழுக்குத் துணி மூட்டையோடு நின்றேன் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு அன்றைக்கு வேலைக்கே போகவில்லை.

ஏன் கையெழுத்துப் போடவில்லை என்று இப்போது சொல்கிறேன். கட்டில் வீட்டுக்காரியுடையது, மேஜை அவளுடையது, ஜன்னல் திரைகூட அவளுடையது. உலகத்தில் எனக்கென்று இருப்பது ஐராபெத்ராவில் உன் வீட்டுக்கு மேலே இருக்கிற காற்று மட்டும்தான். தூக்கம் வராதபோது அங்கே வீடு கட்டுவேன். தெற்கில் அடுப்படி, கடலைப் பார்த்து. நீ கம்பிகளை வெட்டலாமா என்று கேட்டபோது, அந்த வீட்டையும் இடிக்கிறாய் என்று தோன்றியது. பைத்தியக்காரத்தனம்தான். கட்டாத வீட்டுக்காகக் கையைச் சுட்டுக்கொள்ள வைத்தேன் உன்னை.

மணிக்கட்டு எப்படி இருக்கிறது? அத்தானின் கையை எனக்காகப் பிடித்துக்கொள், இடது கையை. அதற்குத்தான் தொடுவது தெரியும், இல்லையா?

உன் தங்கை,
அந்தூசா


ஐராபெத்ரா
ஜூலை 3

என் கண்ணே அந்தூ,

கையெழுத்து வந்து சேர்ந்தது. அன்றைக்கே மானிய அலுவலகத்துக்குப் போய்க் கொடுத்துவிட்டேன்.

உன் கடிதத்தை அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். ஒற்றை அறை என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன். அவர் இடது கையை நீட்டிக் கடிதத்தை வாங்கி, மார்பில் வைத்துக்கொண்டு, "அந்தூ" என்றார். நவம்பருக்குப் பிறகு அவர் சொன்ன முதல் பெயர் அதுதான். என் பெயரைக்கூட இன்னும் சொல்லவில்லை இந்த மனிதர். எனக்குப் பொறாமையாக இருந்தது. அப்புறம் இரண்டு பேருமாக அழுதோம்.

இரண்டு வருடமா? அடி பாவி, நான் உன் அக்கா இல்லையா? என்னிடம் சொல்லக் கூடாதா? நீ அங்கே சந்தோஷமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டே நான் உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். தனியாக இருக்கிறாய் என்று தெரிந்திருந்தால் திட்டுவதற்கு நேரிலேயே வந்திருப்பேன்.

நாற்பதாம் நாளில் நான் சொன்னது தப்பு. எழுதும்போதே கூசுகிறது. இருந்தாலும் எழுதிவிட்டேன், பார்.

மணிக்கட்டு ஆறுகிறது. சிஃபிஸை அடிக்கவில்லை. காதை மட்டும் திருகினேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா


ஸ்டுட்கார்ட்
ஆகஸ்ட் 1

அன்பு அக்காவுக்கு,

நலம். இப்போது உண்மையாகவே எழுதுகிறேன், நலம்.

மானியம் கிடைத்துவிட்டதா? சிஃபிஸ் வேலையை ஆரம்பித்தானா? கம்பிகளை வெட்டும்போது நீ மாடியில் நிற்காதே, பொறி பறக்கும். வெட்டியதில் ஒரு சின்னத் துண்டு எனக்காக எடுத்து வை. வேறு ஒன்றும் வேண்டாம்.

அத்தானுக்கு என் முத்தங்கள்.

அந்தூ


ஐராபெத்ரா
செப்டம்பர் 12

என் அன்புத் தங்கை அந்தூவுக்கு,

அக்காவும் அத்தானும் நலம். உன் நலத்தை இனிமேல் மறைக்காமல் எழுது.

கம்பித் துண்டு கேட்டிருந்தாய். அனுப்ப முடியாது. ஏனென்றால் ஒன்றைக்கூட வெட்டவில்லை.

உன் கையெழுத்தோடு விண்ணப்பம் போன மறுநாள் சிஃபிஸ் வெட்டுகிற மெஷினோடு வந்துவிட்டான். நான் மாடியில் கம்பிகளுக்கு முன்னால் நின்றுகொண்டேன். "தள்ளு அக்கா, அவளே சரின்னுட்டாளே" என்றான். "அவ சரின்னா என்ன? நான் சொல்லலையே" என்றேன். "முந்தி நீதானே வெட்டுன்னே, இப்ப நீயே வேண்டாங்கறே. உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் பைத்தியம் ஆயிடுவேன்!" என்று மெஷினைக் கீழே வைத்தான்.

அத்தானுடைய பசுமைக்கூடத்து இரும்பு சும்மாதானே நின்றது. அதைப் பிரிக்கலாமா என்று அவரிடம் கேட்டேன். முப்பது வருடம் தக்காளி போட்ட கூடம், கேட்கவே எனக்கு வாய் வரவில்லை. அவர் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அந்த இரும்பில்தான் சிஃபிஸ் உயரமாகச் சட்டம் கட்டி, படிக்கட்டு அறையின் தலைக்கு மேலே தொட்டியை ஏற்றினான். கால்களைக் கீழே கான்கிரீட்டில் போல்ட் போட்டு இறுக்கிவிட்டான். நமக்கு நூற்றைம்பது லிட்டர் போதும் என்றான். நான் பெரியது வாங்கினேன். கூடுதலுக்கு மானியம் இல்லையாம், போகட்டும்.

முதல் நாள் குழாயைத் திறந்து அத்தான் காலில் வெந்நீர் விட்டேன். கண்ணை மூடிக்கொண்டார். அண்டாவை இன்றைக்கு ஜெரேனியம் செடிக்குக் கொடுத்துவிட்டேன்.

போன வாரம் மானிய அலுவலகத்திலிருந்து சோதிக்க ஒரு பெண் வந்தாள். சின்ன வயசு. போல்ட்டைத் தட்டிப் பார்த்தாள், தொட்டியைப் படம் எடுத்தாள், எல்லாம் சரி என்றாள். அப்புறம் மாடியின் தெற்குப் பக்கம் போய் நின்றுகொண்டு முகத்தைச் சுளித்தாள். தொட்டியிலிருந்து ஒரு குழாய் வந்து, உன் கம்பிகளுக்கு நடுவில், முழங்கால் உயரத்தில், மூடி போட்டு நிற்கிறது.

"இந்தக் குழாய் எங்கே போகுது?"

"என் தங்கச்சி வீட்டுக்கு."

"வீடு எங்கேம்மா இருக்கு?"

"நீ நிக்கற இடம்தான். கொஞ்சம் தள்ளி நில்லும்மா, அது அவ அடுப்படி."

அந்தப் பெண் கம்பிகளைப் பார்த்தாள், கடலைப் பார்த்தாள். இரண்டடி தள்ளி நின்று, தாளில் சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

கீழே உன் பழைய அறையில் கட்டில் போட்டிருக்கிறேன். மேலே வீடு எழும்பும்வரை அதில் படுக்கலாம். மாடிக் குழாயின் மூடியைத் திறந்து பார்க்கச் சிஃபிஸுக்குக் கை அரிக்கிறது. நான் விடவில்லை. நீ வந்து திற.

உன் வரவை வாசலில் நின்று பார்த்திருக்கும்,
அக்கா பெலாகியா